விவாத இழை: அலபாமாவின் விசாரணை நீதிபதி ஃபிராங்க் எம். ஜான்சன்

வைகைக்கரை எழுதியது:

அமெரிக்க நீதித்துறையைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் அது வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்தைச் சுற்றியே நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டுகளாக உரிமையியல் நீதிமன்றங்களில் வழக்காடிவரும் எனக்கு அது ஒரு குறையாகவே பட்டுவந்திருக்கிறது. சாட்சியின் முகத்தை நேரில் பார்ப்பவரும், சான்றாவணங்களுக்குக் குறியீடு இட்டு வாங்குபவரும், உத்தரவை எழுதிவிட்டு மறுநாள் காலையில் அதே ஊர்த் தெருவில் அந்த உத்தரவால் வெகுண்டவர்களின் நடுவே நடந்துபோக வேண்டியவரும் விசாரணை நீதிபதியே. அப்படி ஒருவரின் வாழ்க்கையை இந்த இழையில் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

ஃபிராங்க் ஜான்சன் 1918 அக்டோபர் 30 அன்று அலபாமா மாநிலத்தின் வடபகுதியில், வின்ஸ்டன் கவுண்டியின் ஹேலிவில் என்னும் ஊரில் பிறந்தார். 1861-இல் அலபாமா ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது அந்தப் பிரிவினையை ஏற்க மறுத்த மலைப்பகுதி அது. பெருந்தோட்டங்களும் அடிமைகளும் மிகக் குறைவாக இருந்த அந்த மண்ணில் லிங்கனின் குடியரசுக் கட்சி வேர்விட்டிருந்தது. ஜான்சனின் தந்தை மாநிலச் சட்டமன்றத்தில் தனி ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினராக அமர்ந்தவர். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் நிற்பது அந்தக் குடும்பத்திற்குப் புதிதன்று.

1943-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார். காலாட்படை அதிகாரியாகப் போருக்குச் சென்று நார்மண்டியில் காயமுற்றுத் திரும்பினார். பிறகு ஜாஸ்பர் என்னும் சிற்றூரில் வழக்கறிஞராக இருந்தார். 1953-இல் அதிபர் ஐசனோவர் அவரை வட அலபாமாவின் அரசு வழக்கறிஞராக்கினார். கறுப்பினத் தொழிலாளர்களைக் கடனைக் காட்டிக் கொத்தடிமைகளாக வைத்திருந்தவர்கள் மீது அவர் நடத்திய வழக்கில், வெள்ளையரே அமர்ந்திருந்த ஜூரியிடமிருந்து 1954-இல் குற்றத்தீர்ப்பைப் பெற்றார். 1955 இறுதியில், 37 வயதில், மான்ட்கமரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அலபாமா மாவட்டத்தின் கூட்டாட்சி நீதிபதியாக அமர்ந்தார். ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, வெள்ளையருக்காகப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானது அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி. புது நீதிபதிக்கு மேசையை ஒழுங்குபடுத்திக்கொள்ளக்கூட நேரம் கிடைத்திருக்காது.

சாலைவாசி எழுதியது:

ஐயா, ஓர் அடிப்படை ஐயம். மாவட்ட நீதிபதி என்றவுடன் நம் மனத்தில் எழும் படம் வேறு. அங்கே மாவட்ட அளவில் இருக்கும் ஒருவர் ஆளுநருக்கு எதிராக உத்தரவு போட முடிந்தது எப்படி? நம் ஊரில் அதற்கு உயர் நீதிமன்றத்திற்குத்தானே போக வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

நல்ல கேள்வி. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, கூட்டாட்சி நீதிமன்றங்கள் தனி வரிசை. கூட்டாட்சி வரிசையின் முதல் படியே மாவட்ட நீதிமன்றம். அதன் நீதிபதியை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புகிறது. அரசமைப்பின் மூன்றாம் பிரிவின்படி நன்னடத்தை உள்ளவரை, அதாவது நடைமுறையில் வாழ்நாள் முழுவதும், அவர் பதவியில் இருக்கலாம். அவருடைய ஊதியத்தைக் குறைக்கவும் முடியாது. அரசமைப்பு மீறப்பட்டது என்று ஒரு குடிமகன் வழக்குத் தொடுத்தால், இதைச் செய், இதைச் செய்யாதே என்று ஆளுநரையும் கட்டுப்படுத்தும் உறுத்துக் கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. மாநில நீதிபதிகளோ அலபாமாவில் வாக்குப் பெற்று வருபவர்கள். வாக்காளர் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதே வழக்காக இருந்த ஊரில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு மாநிலச் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்று தாக்கப்பட்டால், அந்நாளில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து அமர வேண்டும்; மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்திற்குப் போகும். மான்ட்கமரி பேருந்து வழக்கு அப்படித்தான் வந்தது. ஜான்சன், சீபோர்ன் லின் என்னும் மாவட்ட நீதிபதிகளோடு மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் ரைவ்ஸும் அமர்ந்தார். வாதிகள் நால்வரும் பெண்கள்: அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்டு, மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். ரோசா பார்க்ஸ் அந்த வழக்கில் வாதி அல்லர் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். கோல்வின் கைதானபோது அவருக்கு வயது 15. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே அது நடந்தது.

1956 ஜூன் 5 அன்று பேருந்துகளில் இனம் பிரித்து அமர்த்துவது செல்லாது என்று, இருவர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. இனப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 1954-ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்பு பள்ளிகளைப் பற்றியது. போக்குவரத்தில் பிரித்து அமர்த்தலாம் என்ற 1896-ஆம் ஆண்டு முன்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக இன்னும் ரத்துச் செய்திருக்கவில்லை. கீழ் நீதிமன்றம் அதைத் தானே செத்ததாக அறிவிக்கக்கூடாது என்பது லின்னின் மாறுபட்ட கருத்து. சட்ட ஒழுங்கின்படி அது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஆனால் பிரவுன் தீர்ப்பின் தருக்கம் பள்ளி வாசலோடு நிற்காது என்று ரைவ்ஸும் ஜான்சனும் கண்டார்கள். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சில வரிகளில் அதை உறுதிசெய்தது. பார்க்ஸ் கைதானதையொட்டிக் கறுப்பின மக்கள் தொடங்கி 381 நாள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பு டிசம்பரில் முடிவுக்கு வந்தது.

ஓலைக்கட்டு எழுதியது:

நான் அட்லாண்டாவுக்கு அருகில் வசிக்கிறேன். மூன்று மணி நேரத்திற்கும் குறைவான பயணம் என்பதால் இருமுறை மான்ட்கமரிக்குச் சென்றிருக்கிறேன். 1930-களின் தொடக்கத்தில் கட்டிய அந்த நீதிமன்றக் கட்டடத்திற்கு 1992 முதல் ஜான்சனின் பெயர். அதன் பின்புறத்தை ஒட்டியே பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையம் இருக்கிறது. சிறிய ஒற்றை மாடிக் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு குரல் தூரம்கூட இல்லை. படங்களில் பார்த்தபோது எனக்கு அது புலப்படவில்லை. அங்கே நின்றபோது சற்றுத் திகைத்துப்போனேன்.

1961 மே 20 அன்று, பேருந்துப் பயணத்தில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து வந்த விடுதலைப் பயணிகள் அந்த நிலையத்தில் இறங்கியபோது கும்பல் அவர்களைக் குழாய்களாலும் மட்டைகளாலும் அடித்தது. காவலர்களை அங்கே காணவில்லை. நீதித் துறையின் வழக்கறிஞர் ஜான் டோர் கூட்டாட்சிக் கட்டடத்தின் சன்னலிலிருந்து அதைப் பார்த்தபடியே வாஷிங்டனுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த நீதிமன்றத்தின் நிழல் விழும் இடத்தில் மக்கள் அடிபட்டார்களோ, அந்த நீதிமன்றத்தின் முன்தான் அவ்வழக்கு வந்தது. ஜூன் 2 அன்று கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்புகள் மீது மட்டுமல்லாமல், பாதுகாக்கத் தவறிய மான்ட்கமரிக் காவல்துறை மீதும் ஜான்சன் உறுத்துக் கட்டளை பிறப்பித்தார். வேடிக்கை பார்த்த காவலரும் பொறுப்பாளி என்று ஓர் உள்ளூர் நீதிபதி எழுதியது எனக்கு இன்றும் பெரிதாகத் தோன்றுகிறது.

மறுவிசாரணை எழுதியது:

நண்பர் ஓலைக்கட்டு அந்த உத்தரவின் மற்றொரு பாதியை விட்டுவிட்டார். அதே நாளில் அதே நீதிபதி, விடுதலைப் பயணங்களை மேலும் நடத்தக்கூடாது என்று உரிமை அமைப்புகளுக்கும் தற்காலிகத் தடை விதித்தார். அடித்தவருக்கும் தடை, அடிபட்டவருக்கும் தடை. பயணிகள் சட்டப்படி தங்களுக்கு உள்ள உரிமையைத்தான் பயன்படுத்தினார்கள். அவர்கள் வந்தால் கலவரம் வரும் என்பதற்காக அவர்களை நிறுத்துவது, கலவரக்காரரின் கையில் சாவியைக் கொடுப்பதாகும்.

டஸ்கீகி வழக்கையும் பாருங்கள். 1957-இல் அந்த நகரின் எல்லையைச் சதுரத்திலிருந்து 28 பக்கங்கள் கொண்ட கோணல் வடிவமாக மாற்றினார்கள். விளைவு என்ன? சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லோரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். ஒரு வெள்ளை வாக்காளரும் வெளியே போகவில்லை. வரைபடத்தைப் பார்த்தாலே நோக்கம் விளங்கும். ஆனால் நகர எல்லையை வரைவது சட்டமன்றத்தின் உரிமை, நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1958-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தவர் இதே ஜான்சன். 1960-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக மாற்றியது. பெருமையை எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வைகைக்கரை எழுதியது:

தங்கள் வேண்டுகோளை முழுமனத்தோடு ஏற்கிறேன். டஸ்கீகி தீர்ப்பு தவறானது. அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. வழக்கு திரும்பி வந்தபோது 1961-இல் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியவரும் அவர்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். விடுதலைப் பயணத் தடையும் பத்து நாள் அளவிலான தற்காலிகத் தடையே. அதே ஆண்டு நவம்பரில், விடுதலைப் பயணிகளுள் ஒருவரான ஜான் லூயிஸ் வாதியாக இருந்த வழக்கில், பேருந்து நிலையங்களில் இனப் பிரிவினையையே நீக்க உத்தரவிட்டார். ஆயினும் அந்த இடைக்காலத்தில் இரு தரப்பையும் ஒரே தராசில் வைத்தது சரியென்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஓர் இயக்கத்தின் ஆள் அல்லர். முன்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர், ஒழுங்கை விரும்பியவர், வழக்கறிஞர் நேரந்தவறினால் பொறுக்காதவர். அப்படிப்பட்ட மனிதர் சாட்சியங்களைக் கேட்கக் கேட்க எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் என் ஆர்வம். பேருந்து வழக்கு முதல் நாளிலேயே அவரை முழுமையாக உருவாக்கிவிட்டது என்று நான் நம்பவில்லை. வாக்காளர் பதிவு அலுவலகங்களின் ஏடுகள் ஆண்டுக்கணக்கில் அவருடைய மேசைக்கு வந்தன. கல்லூரிப் பேராசிரியரான கறுப்பர் ஒருவரின் விண்ணப்பம் தள்ளப்படுவதும், எழுத்துக்கூட்டிக்கூட எழுதத் தெரியாத வெள்ளையரின் விண்ணப்பம் அலுவலரின் உதவியோடு ஏற்கப்படுவதும் அந்தத் தாள்களில் கண்ணுக்கு முன்னே இருந்தன. மேல்முறையீட்டு நீதிபதிக்கு இது சுருக்கமாக ஒரு பத்தியில் வரும். விசாரணை நீதிபதி தாள் தாளாகப் புரட்ட வேண்டும்.

சாலைவாசி எழுதியது:

இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸும் இவரும் ஒன்றாகப் படித்தவர்கள் என்று எங்கோ படித்த நினைவு. அது உண்மையா?

ஓலைக்கட்டு எழுதியது:

உண்மை. அலபாமா சட்டக் கல்லூரியில் இருவரும் சமகாலத்தவர், நண்பர்கள். 1958 இறுதியில் வாலஸ் ஒரு மாநில வட்டார நீதிபதி. வாக்காளர் பதிவு ஏடுகளைக் கூட்டாட்சிக் குடிமை உரிமைகள் ஆணையத்திடம் ஒப்படைக்க மாட்டேன், வந்தால் சிறையில் அடைப்பேன் என்று வாலஸ் முழங்கினார். ஒப்படைக்க ஜான்சன் உத்தரவிட்டார். பிற்காலத்தில் ஜான்சன் சொன்னபடி, வாலஸ் ஓரிரவு அவருடைய வீட்டுக்கு வந்து, சிறிய தண்டனை ஒன்று கிடைத்தால் அரசியலில் தனக்கு உதவும் என்ற பொருள்படப் பேசியிருக்கிறார். ஏடுகளைக் கொடுக்காவிட்டால் தண்டனை சிறியதாக இருக்காது என்று இவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வாலஸ் என்ன செய்தார் தெரியுமா? மாநில ஜூரிகளிடம் ஏடுகளைக் கொடுத்து, அவர்கள் வழியாக ஆணையத்தின் கைக்குப் போகவிட்டார். வெளியில் மட்டும் பணியவில்லை என்று காட்டிக்கொண்டார். 1959 ஜனவரியில் ஜான்சன் எழுதிய முடிவு கூர்மையானது: சுற்றுவழியில் என்றாலும் வாலஸ் உத்தரவை நிறைவேற்றிவிட்டார், ஆகவே அவமதிப்புக் குற்றம் இல்லை. சிறைக்குப் போய்த் தியாகியாகும் வாய்ப்பை அந்த விடுதலை பறித்துவிட்டது. வாலஸ் அதை மறக்கவில்லை. அடுத்த தேர்தல் பிரசார மேடைகளில், சொந்த மண்ணைக் காட்டிக்கொடுத்த பொய்யர் என்ற பொருள்பட ஜான்சனை வைதார். 1963-இல் ஆளுநரும் ஆனார்.

மறுவிசாரணை எழுதியது:

செல்மா வழக்கைப் பற்றி யாராவது விரிவாக எழுதுவீர்களா? எனக்கு அதில் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. எதிர்க்கும் அநீதி எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்குப் போராடும் உரிமையும் விரியும் என்று அவர் எழுதினாரே, அது ஆபத்தான அளவுகோல் ஆகாதா? அநீதியின் அளவை யார் நிறுப்பது? நாளைக்கு வேறொரு நீதிபதி, தனக்குப் பிடித்த கூட்டத்திற்கு நெடுஞ்சாலையை அகலமாகத் திறந்துவிட்டு, பிடிக்காத கூட்டத்தை நடைபாதையோடு நிறுத்தலாமே?

வைகைக்கரை எழுதியது:

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்கிறேன். 1965 மார்ச் 7, ஞாயிறு. வாக்குரிமை கேட்டு மான்ட்கமரிக்கு நடக்கத் தொடங்கிய சுமார் 600 பேர் செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தபோது மாநிலக் காவலர்களும் ஷெரிஃபின் ஆட்களும் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களைத் தாக்கினார்கள். மறுநாளே ஹோசியா வில்லியம்ஸ், ஜான் லூயிஸ், அமீலியா பாயின்டன் ஆகியோர் ஆளுநர் வாலஸுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். செல்மா தென் அலபாமா மாவட்டத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்த கூட்டாட்சி நீதிபதி வாக்குரிமை வழக்குகளில் காட்டிய தாமதம் அவர்களுக்குத் தெரியும். ஆகவே பிரதிவாதிகள் இருக்கும் மான்ட்கமரியில், ஜான்சனிடம் வந்தார்கள். அவர் உடனே அனுமதி கொடுத்துவிடவில்லை. விசாரணை முடியும்வரை நடைப்பயணம் கூடாது என்று தடுத்தார். அந்தத் தடையால்தான் மார்ச் 9 அன்று மார்ட்டின் லூதர் கிங் பாலம்வரை சென்று திரும்பினார். அதற்காக இளைஞர்களின் கோபத்தையும் சுமந்தார்.

பிறகு நான்கைந்து நாள் சாட்சியம். ஞாயிற்றுக்கிழமைத் தாக்குதலின் படச்சுருள் நீதிமன்றத்தில் திரையிடப்பட்டது. படம் முடிந்ததும் நீதிபதி வெறுப்பை மறைக்க இயலாதவராய் எழுந்து இடைவேளை அறிவித்தார் என்று சாட்சியாக வந்திருந்த ஜான் லூயிஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மார்ச் 17 அன்று நடைப்பயணத்தை அனுமதிக்கும் உத்தரவு வந்தது.

தங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த அளவுகோலைத் தனியே பிடுங்கி எடுத்தால் ஆபத்தானதுதான். ஆனால் அது தனியே நிற்கவில்லை. அநீதியின் அளவைத் தன் மனம்போன போக்கில் அவர் நிறுக்கவில்லை. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் பதிவானார்கள், எத்தனை முறை அமைதியான கூட்டத்தின் மீது தடி விழுந்தது என்ற சாட்சியத்தின் மேல் நிறுத்தார். வழியிலுள்ள லௌண்டஸ் கவுண்டியில் மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். அந்த மாதம் தொடங்கும்வரை அவர்களில் ஒருவர்கூட வாக்காளராகப் பதிவாகியிருக்கவில்லை. அனுமதியும் அளவோடுதான் வந்தது: இருவழிச் சாலையாக இருக்கும் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக்கூடாது, இரவில் தனியார் நிலங்களில் தங்க வேண்டும், தொடங்கும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். பின்னாளில் வேறு நீதிமன்றங்கள் அந்த அளவுகோலைப் பெரிதாகப் பின்பற்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வழக்கின் சாட்சியங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

மார்ச் 21 அன்று, கூட்டாட்சியின் ஆணைக்குள் கொண்டுவரப்பட்ட தேசியக் காவற்படையின் பாதுகாப்போடு பயணம் தொடங்கியது. 54 மைல் நடந்து 25 அன்று மான்ட்கமரியை அடைந்தபோது கூட்டம் சுமார் 25,000. அன்றிரவே, பயணிகளைத் தன் காரில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்த வயோலா லியூஸோ சுட்டுக் கொல்லப்பட்டார். மாநில நீதிமன்றத்தில் குற்றவாளிக்கு விடுதலை கிடைத்தது. டிசம்பரில் ஜான்சனின் நீதிமன்றத்தில், அந்தச் சன்னலில் நின்ற அதே ஜான் டோர் வழக்கை நடத்தினார். வெள்ளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி, முடிவுக்கு வர முடியவில்லை என்று வந்து நின்றபோது ஜான்சன் அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பினார். குற்றஞ்சாட்டப்பட்ட மூவருக்கும் குற்றத்தீர்ப்பு வந்தது. ஆளுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தார். வழக்குக்கு அடிப்படையான கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்த உச்ச அளவு அதுவே.

செவிலி எழுதியது:

நான் மனநல மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் துறையில் ஜான்சனின் பெயர் பேருந்துக்காகவோ செல்மாவுக்காகவோ நினைக்கப்படுவதில்லை. வயட் வழக்குக்காக நினைக்கப்படுகிறது. அதை இங்கே யாரும் தொடாததால் எழுதுகிறேன்.

டஸ்கலூசாவில் உள்ள பிரைஸ் மருத்துவமனையில் 1970-இல் சுமார் 5,000 பேர் அடைபட்டிருந்தார்கள். வரி வருவாய் குறைந்ததைக் காரணம் காட்டி 99 பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள். வேலை இழந்தவர்கள் வழக்குக்கு வந்தார்கள். அவர்களோடு, அங்கே அடைக்கப்பட்டிருந்த வயட் என்னும் பதின்வயதுச் சிறுவனும் வாதியாகச் சேர்க்கப்பட்டான். நீதிபதியின் கவனம் வேலைப் பிரச்சினையைவிட நோயாளிகளின் மேல் சென்றது. இத்தனை ஆயிரம் பேருக்குச் சிகிச்சை அளிக்க இருப்பவர்கள் யார் என்று பார்த்தால், மனநலத்தில் ஓரளவு பயிற்சி பெற்ற மருத்துவர்கள் மூவர், முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர் ஒருவர், முதுநிலைத் தகுதி பெற்ற சமூகப் பணியாளர்கள் இருவர். வார்டில் பணியாற்றியவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் பொருள் உடனே விளங்கும். அது மருத்துவமனை இல்லை, கிடங்கு.

குணப்படுத்துவதற்காக என்று சொல்லி ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்துவிட்டு, பிறகு குணப்படுத்த எதுவுமே செய்யாமல் இருப்பது முறையான சட்ட நெறியின் அடிப்படையையே மீறுவதாகும் என்று 1971 மார்ச்சில் அவர் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் வந்த உத்தரவின் இணைப்பைத்தான் ஒவ்வொரு செவிலியும் படிக்க வேண்டும். ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது. எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை. பதினைந்து பேருக்கு ஒரு குளியல் வசதி. அறையின் வெப்பம் 68 பாரன்ஹீட் பாகைக்குக் கீழே இறங்கவும் 83-க்கு மேலே ஏறவும் கூடாது. 250 நோயாளிகளுக்கு எத்தனை மருத்துவர், எத்தனை செவிலி, எத்தனை சமையல் ஆள் என்ற அட்டவணை. நோயாளி தன் சொந்த உடையை அணியலாம், கடிதம் எழுதலாம், பார்வையாளரைச் சந்திக்கலாம் என்பவையும் அதில் இருந்தன. படிப்பவருக்குச் சலிப்பாக இருக்கலாம். நள்ளிரவில் ஒரே கழிப்பறைக்கு முன் முதியவர்கள் வரிசையில் நடுங்கி நிற்பதைப் பார்த்தவளுக்குச் சலிக்கவில்லை.

மறுவிசாரணை எழுதியது:

அம்மா, தங்கள் அனுபவத்தின் முன் தலைவணங்குகிறேன். ஆனாலும் என் ஐயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கழிப்பறை எத்தனை, வெப்பம் எத்தனை பாகை என்பதை வாக்குப் பெறாத ஒருவர் முடிவு செய்வது முறையா? அதற்கான பணம் வேறெங்கிருந்தோ, ஒருவேளை பள்ளிகளிலிருந்து, எடுக்கப்படும். அந்தத் தேர்வைச் செய்ய வேண்டியது சட்டமன்றம் அல்லவா? 1976-இல் சிறைச்சாலைகளுக்கும் அவர் இதையே செய்தார். அவர் அமைத்த கண்காணிப்புக் குழுவை மேல்முறையீட்டு நீதிமன்றமே நீக்கியது.

செவிலி எழுதியது:

அவர் எடுத்த எடுப்பில் அளவுகோலைக் கையில் எடுக்கவில்லை, ஐயா. முதல் தீர்ப்புக்குப் பிறகு மாநிலத்திற்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார். நீங்களே தரங்களை வகுத்து வாருங்கள் என்றார். வந்தது போதுமானதாக இல்லை. பிறகு கூட்டாட்சி நீதித் துறையையும் மனநல நிபுணர் சங்கங்களையும் நீதிமன்றத்திற்கு உதவ அழைத்தார். இறுதித் தரங்களில் பெரும்பகுதி இரு தரப்பும் ஒப்புக்கொண்டவை. 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சிகிச்சை உரிமையை உறுதிசெய்தது.

சட்டமன்றம் செய்ய வேண்டியது என்பது சரி. வார்டில் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்களுக்காகக் கேட்கச் சட்டமன்றத்தில் யாரும் இல்லை. அவர்கள் எங்கே போய்க் கேட்பது?

வைகைக்கரை எழுதியது:

சிறை வழக்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டிரேப்பர் சிறையில் கைதிகள் நாய்க்கூண்டு என்று அழைத்த ஒரு தனிமைச் சிறை இருந்தது. நான்கடிக்கு எட்டடி அறை. சில வேளை அதற்குள் ஆறு பேர். படுக்கை இல்லை, விளக்கு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. கழிப்பதற்குத் தரையில் ஒரு துளை. இது தீர்ப்பில் பதிவான சங்கதி. இதைக் கண்டறிந்த பிறகு, இது அரசமைப்புக்கு முரண் என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டு எழுந்து போகும் நீதிபதியைவிட, அறை இத்தனை சதுர அடி இருக்க வேண்டும் என்று எழுதும் நீதிபதியையே நான் மதிப்பேன். எத்தனையோ தீர்ப்பாணைகள் நிறைவேற்று மனுக் கட்டத்தில் செத்துப்போவதை என் தொழிலில் பார்த்தவன் நான். பொறுப்பை மாநில அதிகாரிகள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் வாசலில் தள்ளிவிட்டு, பிறகு அதே நீதிமன்றத்தை ஏசும் வழக்கத்தை ஜான்சனே கண்டித்திருக்கிறார்.

கண்காணிப்புக் குழுவை நீக்கியது சரியா என்பதில் மறுவிசாரணையின் பக்கம் நியாயம் இருக்கிறது. சிறை நிர்வாகியின் தோளுக்குப் பின்னால் நிரந்தரமாக ஒரு குழுவை நிறுத்துவது என்னையும் சற்றுத் தயங்கவைக்கிறது.

சாலைவாசி எழுதியது:

இவ்வளவுக்கும் பிறகு அவர் அதே ஊரில்தான் குடியிருந்தாரா? குடும்பம் என்ன ஆயிற்று?

ஓலைக்கட்டு எழுதியது:

அதே ஊரில்தான். 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு உயர்த்தப்பட்ட பிறகும் மான்ட்கமரியை விடவில்லை. 1999 ஜூலை 23 அன்று அங்கேயே காலமானார். வீட்டுப் புல்தரையில் சிலுவை எரித்தார்கள். 1967 ஏப்ரலில் அவருடைய தாயின் வீட்டில் குண்டு வெடித்தது. அது நீதிபதியின் வீடு என்று எண்ணியே வைத்தார்கள் என்பது பலரின் கருத்து. தாய் காயமின்றித் தப்பினார். பல ஆண்டுகள் கூட்டாட்சி மார்ஷல்கள் வீட்டைக் காத்தார்கள். ரைவ்ஸ் பட்டது இன்னும் கொடுமை: விபத்தில் இறந்த அவருடைய மகனின் கல்லறையில் குப்பையைக் கொட்டினார்கள். ஜான்சனும் மனைவி ரூத்தும் தத்தெடுத்து வளர்த்த ஒரே மகனை 1975-இல் இழந்தார்கள்.

விருந்துகளுக்கு அழைப்பு நின்றுபோனது. அவர் புகையிலையை மென்றுகொண்டு மரவேலை செய்தார். ஆளுயர ஊசல் கடிகாரங்களைத் தம் கையாலேயே இழைத்துச் செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1977-இல் அதிபர் கார்ட்டர் அவரை எஃப்பிஐ இயக்குநராக அறிவித்தார். உடனடியாக வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் கண்டுபிடிக்கப்பட்டு அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்ததால் அது கைகூடவில்லை.

மறுவிசாரணை எழுதியது:

நான் குறைகளை எடுத்துச் சொன்னவன் என்பதால் இதையும் நானே சொல்ல வேண்டும். 1972-இல் விமானப்படை அதிகாரி ஷாரன் ஃபிரன்டியேரோ, ஆண் அதிகாரியின் மனைவிக்குத் தானாகவே கிடைக்கும் சலுகை தன் கணவருக்கும் வேண்டும் என்று கேட்ட வழக்கில், மூவரில் இருவர் மறுத்தார்கள். மறுத்தவர்களுள் ரைவ்ஸும் ஒருவர். தனியே நின்று அந்தப் பெண்ணின் பக்கம் எழுதியவர் ஜான்சன். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் நின்ற பக்கத்திற்கு வந்தது. 1985-இல், குதவழி, வாய்வழிப் பாலுறவைக் குற்றமாக்கிய ஜார்ஜியா சட்டத்திற்கு எதிராக, ஒருபாலின ஈர்ப்புள்ள ஒருவர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் எழுதிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1986-இல் கவிழ்த்தது. கவிழ்த்த அந்த முடிவையே உச்ச நீதிமன்றம் 2003-இல் கைவிட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

செவிலி எழுதியது:

அதே 2003-இல் இன்னொன்றும் நடந்தது. வயட் வழக்கு 33 ஆண்டுகள் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இருந்தது. அரசுகள் மாறின, ஆணையர்கள் மாறினார்கள். கூட்டம் நிறைந்த விடுதிகள் மெல்ல மெல்லக் காலியாயின. மாநிலம் உறுதிமொழிகளை நிறைவேற்றிவிட்டது என்று கண்டு அந்த டிசம்பரில் வழக்கை முடித்துவைத்தவர் மைரன் தாம்ப்சன். ஜான்சன் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்குப் போனபோது காலியான அந்த இடத்தில் 1980-இல் அமர்ந்த கறுப்பின நீதிபதி அவர். பிறந்த ஊர் டஸ்கீகி. எல்லைக்கோட்டை மாற்றியது தொடர்பான வழக்கை ஜான்சன் தள்ளுபடி செய்தபோது அந்த ஊர்ச் சிறுவனுக்கு வயது பதினொன்று.